வீட்டுச் செலவுக்கு என்ன செய்தீர்கள்?



இந்த இதழ் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக உங்கள் கைக்கு வருகிறது. கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்கள், தொழிற்சங்கம் கட்டியவர்கள், பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர்கள், எழுத்தாளர்கள் என்று நம் வட்டாரத்தில் பொது வாழ்க்கை பார்த்தவர்களின் நினைவுகளுக்கே பெரும்பகுதி இடத்தைக் கொடுத்துவிட்டோம். சென்ற இதழிலேயே இதை அறிவித்திருந்தோம். அறிவிப்பைப் பார்த்த கையோடு விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டார். மழை இல்லை, மக்காச்சோளத்துக்கு விலை இல்லை, இந்த லட்சணத்தில் வயதானவர்கள் பழங்கதையும் உலக அரசியலும் பேசி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருந்தார். மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். கேள்வியும் நியாயமானது. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்ததுதான் இந்தப் பக்கமாக நீண்டுவிட்டது.

முதலில் உலக அரசியலை எடுத்துக்கொள்வோம். வானம் பார்த்த பூமிக்காரனுக்கு வாஷிங்டனும் மாஸ்கோவும் எதற்கு என்ற பேச்சு கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கரிசல் காட்டுச் சம்சாரியின் களத்துமேடு நூற்றைம்பது வருசத்துக்கும் மேலாக உலகச் சந்தையோடு கட்டுண்டு கிடக்கிறது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கிருந்து பஞ்சு வராமல் லங்காஷயர் ஆலைகள் தவித்தன, இங்கே பருத்தி விலை ஏறியது. போர் முடிந்தது, விலை இறங்கியது. லிவர்பூல் சந்தையில் திருநெல்வேலிப் பருத்திக்குத் தனிப் பெயரே இருந்தது. கோவில்பட்டியில் 1901இலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்ததற்கும் நம் மண்ணில் விளைந்த அந்தப் பஞ்சு ஒரு முக்கியக் காரணம்.

இன்றைக்கும் கதை அப்படித்தான். பர்மாவிலிருந்து உளுந்து கப்பலேறினால் எட்டையபுரம் கமிஷன் கடையில் விலை ஆடுகிறது. 2018இல் மக்காச்சோளத்தைச் சூறையாடிய படைப்புழுவுக்கு ஊர் அமெரிக்கக் கண்டம். தீப்பெட்டிக்காரர்களிடம் கேட்டால் குளோரேட் விலை, பாஸ்பரஸ் விலை, சீன லைட்டர் என்று ஒரு சர்வதேசப் பொருளாதார வகுப்பே நடத்துவார்கள். பதினான்கு வருசம் ஒரு ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்ய 2023 ஜூனில் ஒன்றிய அரசு தடை போட்ட சேதியைக் கோவில்பட்டி டீக்கடைகளில் தலைப்புச் செய்தியாகப் பேசினார்கள். உலக அரசியல் நம் ஊருக்குப் புதிதாக வரவில்லை, வந்து வெகுகாலம் ஆயிற்று. அதை யார் வாயால், எந்த விதமாகக் கேட்கிறோம் என்பதில்தான் பிரச்சினை.

அதனால் கார்டு எழுதிய அன்பருக்கு இந்தப் பாதியில் நான் ஒத்துப்போகவில்லை. மறுபாதியில், அதாவது பழங்கதை விஷயத்தில், அவர் பக்கம் பெரிய நியாயம் இருக்கிறது.

மணிவிழா மலர்களையும் பாராட்டு மலர்களையும் புரட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். இன்ன ஆண்டு இன்ன பதவி, இன்ன மாநாட்டில் இன்ன தலைவரோடு எடுத்த படம், சென்று வந்த நாடுகளின் பட்டியல். நடுவில் நான்கு பக்கத்துக்கு வாழ்த்துப்பா. மூடி வைத்தால் அந்த மனிதர் எப்படிப் பிழைத்தார், எதற்குப் பயந்தார், எந்த முடிவில் தடுமாறினார் என்று ஒரு வரிகூட மனசில் நிற்காது. இந்த மலர்கள் எங்கள் அலுவலகத்தில் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. எடைக்குப் போட மனம் வரவில்லை, படிக்கவும் முடியவில்லை.

ஆகையால் இந்த இதழுக்காகப் பெரியவர்களைப் பார்க்கப் போன எங்கள் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கட்டாயம் கேட்கச் சொல்லி அனுப்பினேன். அண்ணாச்சி, அந்தக் காலத்தில் வீட்டுச் செலவுக்கு என்ன செய்தீர்கள்? மற்றதெல்லாம் அவரவர் இஷ்டம். இதைக் கேட்டால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் பேச்சை மாற்றுகிறார்கள். பெரும்பாலும் வீட்டம்மா உள்ளேயிருந்து பதில் சொல்கிறார். அந்தப் பதிலிலிருந்துதான் உண்மையான வாழ்க்கை வரலாறு ஆரம்பிக்கிறது என்பது என் துணிபு.

இந்தக் கேள்விக்கு நம் மண்ணில் மிகப் பெரிய பதிலை எழுதி வைத்தவர் வ.உ.சி. 1872 செப்டம்பர் 5இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். 1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். பத்து லட்சம் ரூபாய் மூலதனம், இருபத்தைந்து ரூபாய் பங்கு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டு வெள்ளைக்காரக் கம்பெனியின் வயிற்றில் புளியைக் கரைத்தார். 1908இல் கோரல் மில் வேலைநிறுத்தம், கைது, இரட்டை ஆயுள் தண்டனை, கோவைச் சிறையில் செக்கு. இவ்வளவும் பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, சினிமாவிலும் இருக்கிறது. பாடப் புத்தகம் சிறைக் கதவோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் இருபத்து நான்கு வருசம் உயிரோடு இருந்தார் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

1912 இறுதியில் வெளியே வந்தபோது கம்பெனி கலைந்து போயிருந்தது. வக்கீல் சன்னதைப் பறித்திருந்தார்கள். கையில் காசில்லை. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், தேறவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. 1915இல் காந்தி இந்தியா திரும்பியதும் அது குறித்து இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. காந்திக்கோ கணக்கு சரியாக நினைவில்லை. வ.உ.சி.யோ தன் நிலைமையை மறைக்காமல் எழுதினார், பணம் வேண்டாம் என்று வீராப்புப் பேசும் நிலையில் அவர் இல்லை. கடைசியில் 1916இல் வந்து சேர்ந்த தொகை 347 ரூபாய் 12 அணா. அந்தக் கடிதங்களைத் தேடியெடுத்து ஆ.இரா. வேங்கடாசலபதி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். வ.உ.சி. ஆய்வில் பல பத்தாண்டுகளைச் செலவிட்டவர் அவர். ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்ற நூலுக்காக 2024ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றார். இரண்டு பெரிய மனிதர்கள் தேச விடுதலையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டிய இடத்தில் முந்நூற்றுச் சொச்சம் ரூபாயைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்களே என்று சிலருக்குச் சங்கடமாக இருக்கும். எனக்கு அந்தக் கடிதங்களைப் படித்த பிறகுதான் இருவர்மீதும் மரியாதை கூடியது.

பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. வ.உ.சி. வந்து வக்கீல் தொழில் பார்த்தது நம் கோவில்பட்டியில்தான். 1932இல் தூத்துக்குடிக்குப் போகும்வரை இங்கே இருந்தார். வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்டவர், நன்றி மறவாமல் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். மேடைப் பேச்சாளர்கள் இந்தப் பெயரை அதிகம் சொல்வதில்லை. சொன்னால் கதையின் வேகம் குறைந்துவிடும் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

இந்த நெருக்கடிகளுக்கு இடையேதான் அவர் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து எழுதினார். பரலி சு. நெல்லையப்பர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி அகவற்பாவில் எழுதிய சுயசரிதை அது. அவர் மறைந்து பத்தாண்டு கழித்து 1946இல்தான் நூலாக வந்தது. சிறுவயதில் விளையாடிய விளையாட்டுகளை வரிசை போட்டுச் சொல்கிறார், செய்த சேட்டைகளையும் ஒளிக்கவில்லை. பிற்காலத்தில் கொழும்பு வீரகேசரியில் திலகரின் வாழ்க்கை வரலாற்றைத் தொடராக எழுதினார். எந்தக் கொழும்புக்குக் கப்பல் விட்டாரோ அந்தக் கொழும்புப் பத்திரிகையில்! பாரதியைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையும் எழுதி வைத்தார். 1920இல் காந்தியின் ஒத்துழையாமைத் திட்டத்தில் உடன்பாடில்லாமல் காங்கிரசை விட்டு விலகியவர், 1927இல் சேலம் மாநாட்டுத் தலைமையுரையில் தன் அரசியலை விளக்கினார். பிராமணர், பிராமணரல்லாதார் சிக்கலையும் அதில் பேசாமல் விடவில்லை. கூட்டத்துக்கு எது பிடிக்கும் என்று பார்த்துப் பேசிய பேச்சாக அது எனக்குத் தோன்றவில்லை.

1936 நவம்பர் 18இல் தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது. உயிலில் துணிக்கடை பாக்கியும் எண்ணெய்க்கடை பாக்கியும் எழுதி வைத்திருந்தார். ஜவாஹர்லால் நேருவின் சுயசரிதை லண்டனில் வெளியானதும் அதே 1936இல்தான். நேருவின் புத்தகம் உலகம் சுற்றியது. அது பெரிய புத்தகம், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஒரு மனிதன் அரசியலுக்காக எதைக் கொடுத்தான் என்று ஒரு மாணவன் என்னிடம் கேட்டால் அந்தக் கடை பாக்கிப் பட்டியலைத்தான் முதலில் காட்டுவேன்.

பாரதியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஒன்று மட்டும். கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் டிக்கெட் வாங்கிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் வந்துவிடும் எட்டையபுரத்தில் பிறந்த பிள்ளை, மாஜினியையும் பெல்ஜியத்தையும் ருஷ்யப் புரட்சியையும் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தையும் பாட்டில் கொண்டுவந்தது எப்படி என்று பலர் வியக்கிறார்கள். எனக்கு அதில் வியப்பு குறைவு. அவர் அப்பா சின்னசாமி ஐயர் எட்டையபுரத்தில் பஞ்சாலை வைத்து நொடித்துப் போனவர். அந்த வீழ்ச்சியைத் தன் சுயசரிதைப் பாட்டிலேயே பாரதி சொல்லியிருக்கிறார். பதினைந்து பதினாறு வயதில் வீட்டுச் சோற்றுக்கு வழியில்லாமல் போனதற்கும் சீமை மில் முதலாளிக்கும் என்ன சம்பந்தம் என்று அனுபவித்துத் தெரிந்தவருக்கு உலக நடப்பு வெறும் பத்திரிகைச் சேதியாக இருக்க முடியாது. சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராக வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்த பிழைப்பு அந்த அறிவைக் கூர்மையாக்கியது. பிறகு ‘இந்தியா’ பத்திரிகையில் கார்ட்டூன் போட்டு ஊருக்குச் சொன்னார். பிறந்த ஊர் ஜமீன் வாழ்க்கையைச் ‘சின்னச் சங்கரன் கதை’யில் கிண்டலடித்தவரும் அவரே. 1919இல் அதே எட்டையபுரம் மன்னருக்குப் பொருளுதவி வேண்டிச் சீட்டுக்கவி எழுதியவரும் அவரே. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி விழா முடிப்பது எளிது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் கட்டுரை ஒன்று இந்த இதழில் இருக்கிறது. கோபப்படாமல் படியுங்கள்.

அடுத்து இடைசெவல். நாலு வழிச் சாலையில் போகிறவர்கள் பார்க்காமலே தாண்டிவிடும் ஊர். ஒரே ஊரிலிருந்து இரண்டு சாகித்ய அகாதெமி விருது. கு. அழகிரிசாமிக்கு ‘அன்பளிப்பு’க்காக 1970இல், அவர் மறைந்த பிறகு. கி. ராஜநாராயணனுக்கு ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக 1991இல். இந்த இரண்டு சிநேகிதர்களின் வாழ்க்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தொழில், அரசியல், உலகம் மூன்றும் சேர்ந்தே வரும்.

அழகிரிசாமி பள்ளிப் படிப்பை முடித்தவர். ரிஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டுச் சென்னைப் பத்திரிகைகளுக்குப் போனார். ஆனந்த போதினி, பிரசண்ட விகடன், சக்தி. அங்கிருந்து மலேயாவுக்குக் கப்பலேறி 1953 முதல் 1957 வரை தமிழ் நேசனில் வேலை. அங்கே எழுத வந்த இளைஞர்களைக் கூட்டி வைத்து இலக்கிய வகுப்பு மாதிரி நடத்தினார், மலேசியத் தமிழ் எழுத்தில் அந்தச் சுவடு இன்னும் இருக்கிறது. திரும்பி வந்து நவசக்தி, கடைசியில் சோவியத் நாடு. கார்க்கியைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். ‘நான் கண்ட எழுத்தாளர்கள்’ என்று தன் சமகாலத்தவரைப் பற்றிய நினைவுகளையும் எழுதினார். ஐம்பது வயதைத் தொடாமலே போய்விட்டார்.

கி.ரா. நேர் எதிர். நோய் காரணமாகப் படிப்பு நின்றது. மழைக்குத்தான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினேன் என்று அவரே வேடிக்கையாகச் சொல்வார். புஞ்சையில் வெள்ளாமை பார்த்தார். கம்யூனிஸ்ட் இயக்கத்தின் விவசாயப் போராட்டங்களில் சேர்ந்து ஜெயிலுக்குப் போனார். நடுவயதை நெருங்கும்போதுதான் ‘மாயமான்’ கதை சரஸ்வதி இதழில் வந்தது. 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி போட்டார். இன்று பல்கலைக்கழகத் துறைகள் குழு அமைத்து, நிதி வாங்கிச் செய்கிற வேலை அது. பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த கி. வேங்கடசுப்பிரமணியன் பட்டம் எதுவுமில்லாத அந்தச் சம்சாரியைப் பேராசிரியராக அழைத்தார். நாட்டார் கதைகளைச் சேகரிக்க மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார் கி.ரா. 2021 மே 17இல் புதுச்சேரியில் மறைந்தவரை இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

ஒருவர் ஊரை விட்டுப் போய் உலகத்தைப் பார்த்தார், ஒருவர் ஊரில் இருந்தே பார்த்தார். யார் அதிகம் பார்த்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அழகிரிசாமி எழுதிய கடிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து நூலாக்கினார் கி.ரா. விளாத்திகுளம் சுவாமிகளிடம் வளர்த்துக்கொண்ட சங்கீதப் பைத்தியம் இருவருக்கும் உண்டு. கடிதங்களில் இலக்கியத்துக்குச் சமமாகச் சங்கீதம் வரும். பொதுவாழ்க்கை என்று நாம் சொல்வதன் கணிசமான பகுதி இந்த மாதிரிச் சிநேகிதத்தின் தயவில்தான் நடக்கிறது. எந்தப் பாராட்டு மலரிலும் அதற்கு ஒரு பக்கம் கிடையாது.

அதிகாரம், பதவி, பட்டம் ஆகியவற்றோடு சிந்தனையைச் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. கோவில்பட்டி அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுக்காத ஊர். சோ. தருமன் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர். உருளைக்குடிக் கண்மாயை வைத்து அவர் எழுதிய ‘சூல்’ நாவலில் நாட்டின் நீர் நிர்வாகம் சீரழிந்த வரலாறே இருக்கிறது, 2019இல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருது வந்தது. பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரியாக இருந்தவர். 1895 கழுகுமலைக் கலவரத்தையும் 1899 சிவகாசிக் கலவரத்தையும் உள்ளடக்கிய ‘அஞ்ஞாடி’க்காக ஆவணக் காப்பகங்களில் வரலாற்றாசிரியர் செய்யும் வேலையைச் செய்தார். ‘வெக்கை’ நாவல் ‘அசுரன்’ படமான பிறகுதான் அவர் பெயர் சிலருக்குத் தெரிந்தது, அது வேறு கதை. தேவதச்சன் நகைக்கடைக்காரர். உதயசங்கர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அஞ்சல் துறையில் வேலை பார்த்த ச. தமிழ்ச்செல்வன் தன் தொழிற்சங்க அனுபவங்களை ‘ஜிந்தாபாத் ஜிந்தாபாத்’ என்று எழுதினார். பொதுவாழ்க்கை நினைவுகள் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது அந்தப் புத்தகத்தைத்தான். தன்னையே கேலி செய்துகொள்ளத் தெரிந்த சங்கத் தலைவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

ஆய்வாளர்களில் ஆ. சிவசுப்பிரமணியன் அவர்களைச் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கிய பேராசிரியர் நா. வானமாமலையின் வழியில் வந்தவர். கோரல் மில் வேலைநிறுத்தம் பற்றியும் கலெக்டர் ஆஷ் கொலை பற்றியும் அவர் எழுதியவை ஆவணத்தையும் வாய்மொழியையும் இரண்டு கண்ணாக வைத்து எழுதியவை. நா.வா. பல்கலைக்கழகப் பதவியை நம்பிப் பிழைத்தவர் இல்லை. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திச் சம்பாதித்தார், ‘ஆராய்ச்சி’ இதழையும் நடத்தினார். அங்கேயும் நம் கேள்விக்குப் பதில் இருக்கிறது பாருங்கள்.

அரசியல்வாதிகளிடம்தான் நாம் தோற்றுப் போகிறோம். கோவில்பட்டித் தொகுதியில் 1967 தொடங்கி 1989 வரை ஐந்து முறை வென்றவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சோ. அழகர்சாமி. அந்த வருசங்களில் இந்த ஊரில் தண்ணீர்ப் பஞ்சமும் தீப்பெட்டித் தொழிலும் எப்படி மாறின என்று அவரோடு நடந்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்களும் இப்போது எண்ணிவிடக்கூடிய அளவில் இருக்கிறார்கள். விருதுநகரில் பிறந்த காமராஜரும் சுயசரிதை எழுதவில்லை. பத்திரிகையாளர் சாவி கூடவே போய், பேசி, பேச வைத்து எழுதியதால்தான் ‘சிவகாமியின் செல்வன்’ கிடைத்தது. ஒரு பத்திரிகை நச்சரித்தால் நல்லது நடக்கும் என்பதற்கு உ.வே.சா.வும் சாட்சி. ஆனந்த விகடன் கேட்டு வாங்கியிராவிட்டால் 1940 முதல் 1942 வரை வாராவாரம் ‘என் சரித்திரம்’ வந்திருக்காது, நமக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டின் திண்ணைப் பள்ளிக்கூடமும் ஆதீனத்துச் சாப்பாட்டுப் பந்தியும் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது. தமிழ்த் தாத்தாவும் வீட்டுச் செலவுக் கணக்கை மறைக்காமல் எழுதியவர்தான். நச்சரிப்பது எங்கள் தொழில், ஆகவே வெட்கப்படவில்லை.

இந்த இதழில் ஒரு குறை இருக்கிறது, நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பேசியிருப்பவர்களில் பெரும்பான்மை ஆண்கள். தீப்பெட்டி ஆலைக்கு விடியுமுன் வேன் ஏறிப் போய் இந்த ஊரின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்திய பெண்களின் பேட்டி இரண்டுதான் தேறியது. 1996இல் புதிய சட்டப்படி நடந்த உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்களில் பெண்கள் வந்தார்கள். அப்போது தலைவராகி, வீட்டுக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததைச் சகித்து, பிறகு அந்த நாற்காலியை அப்புறப்படுத்திய அம்மாக்கள் நம் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். அரசியல் பற்றிப் பேச அவர்களைவிட அருகதை உள்ளவர் யார்? கூப்பிட்டால் எனக்கு என்ன தெரியும் சார் என்கிறார்கள். அரை மணி நேரம் போனால் கலெக்டர் ஆபீஸ் மனு முதல் கட்சிக்காரர்களின் உள்குத்து வரை வந்து கொட்டுகிறது. பேசிவிட்டு, பேரைப் போட்டுராதீங்க என்று சொல்லிவிடுகிறார்கள். போடாமல் வெளியிட்டிருக்கிறோம். பெயர் போடச் சம்மதிக்கும் காலம் வரட்டும் என்று காத்திருந்தால் பேச்சும் போய்விடும்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்பது வயதுக்காரர் 1950களின் விவசாயப் போராட்டத்தையும் 1965 மொழிப் போராட்டத்தையும் நெருக்கடி நிலையையும் ஒரே மூச்சில் சொல்லும்போது தேதிகள் தடம் மாறும். இரண்டு சம்பவம் ஒன்றாகிவிடும். எங்களால் முடிந்தவரை பழைய செய்தித்தாள்களோடு ஒப்பிட்டுத் திருத்தியிருக்கிறோம். திருத்த முடியாத இடங்களில் அவர் சொன்னபடியே விட்டுவிட்டு, பெட்டிக்குள் மாற்றுத் தகவலைக் கொடுத்திருக்கிறோம். உலக அரசியலில் சிலருடைய கருத்து எனக்கு அறவே உடன்பாடில்லை. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்ததை இன்னும் ஏற்றுக்கொள்ளாத ஒரு தோழரும், உலகமயத்தால் எல்லாம் சுபிட்சம் என்று நம்பும் ஒரு பேராசிரியரும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கிறார்கள். அச்சில் அவர்கள் சண்டை போட மாட்டார்கள் என்ற தைரியத்தில் அப்படி வைத்தேன். நேரில் இருவரும் மாலை நேரத்தில் ஒன்றாக நடைப்பயிற்சி போகிறவர்கள்.

கார்டு எழுதிய அன்பருக்கு: உங்கள் மக்காச்சோள விலைப் பிரச்சினை 34ஆம் பக்கத்தில் இருக்கிறது. பருத்தி விலைக்காகப் போராடி ஜெயிலுக்குப் போன ஒரு பெரியவர், மக்காச்சோளம் இந்தக் காட்டுக்கு வந்து பருத்தி எப்படிப் பின்வாங்கியது என்று சொல்லியிருக்கிறார். அவர் சொல்லும் காரணங்களில் பாதியை நான் மறுப்பேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள், கார்டு போதாது, கவரில் அனுப்புங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வரிசையை இன்னும் மூன்று இதழ்களுக்குத் தொடர உத்தேசம். உங்கள் தாத்தா, பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற வாத்தியார், மில்லில் யூனியன் செயலாளராக இருந்த மாமா, யாராக இருந்தாலும் பேச வைத்து எழுதி அனுப்புங்கள். அவர் பேசுகிறபடியே எழுதுங்கள், சுத்தத் தமிழாக்கி அனுப்பினால் நாங்கள் மறுபடி கரிசல் தமிழாக்க வேண்டியிருக்கிறது, இரட்டை வேலை. போனில் பதிவு செய்து அனுப்பினாலும் சரிதான், கேட்டு எழுத ஆள் வைத்திருக்கிறோம். தலைவர்களோடு எடுத்த புகைப்படம் வேண்டாம். பழைய சம்பளச் சீட்டு, கூட்டத் துண்டறிக்கை, வரவுசெலவு நோட்டு, ஜெயிலிலிருந்து வந்த கடிதம் இருந்தால் நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைப் பத்திரமாக வீட்டிலேயே வையுங்கள், எங்களுக்கு நகல் போதும். ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் விதைப்பு, களையெடுப்பு என்று யாருக்கும் நேரம் இருக்காது. அதற்கு முன் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்